சிரிக்க வைத்தவனின் கதை: 'ரிகொலெட்டோ' இசை நாடகம்



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஓர் இத்தாலிய இசை நாடகம். இத்தாலிய நாடகத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்று எண்ணி வானொலியை நிறுத்திவிடாதீர்கள். எசமானைச் சிரிக்க வைத்து வயிறு வளர்த்த ஒருவனின் கதை இது. அவனுக்கு ஒரே மகள். அடுத்தவன் மகளுக்கு வந்த கேட்டைப் பார்த்துச் சிரித்தவன், அதே கேடு தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது என்ன ஆனான் என்பதைத்தான் இந்நாடகம் சொல்கிறது. 1851ஆம் ஆண்டில் முதன்முதலாக மேடையேறிய இது, இன்றளவும் உலகின் பெரிய நகரங்களில் நடைபெற்று வருகிறது. நாடகத்தின் பெயர் 'ரிகொலெட்டோ'. இசையமைத்தவர் ஜுசெப்பே வெர்டி.

முதலில் ஓப்பரா என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் பாட்டன்மார் விடிய விடியப் பார்த்த 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பாட்டும் உண்டு, இடையிடையே பேச்சும் உண்டு. இத்தாலிய ஓப்பராவிலோ பெரும்பாலும் எல்லாமே பாட்டுத்தான். கோபமும் பாட்டு, கெஞ்சலும் பாட்டு, கொலைக்குப் பேரம் பேசுவதும் பாட்டு. மேடைக்கு முன்னால் தாழ்வான பள்ளத்தில் பல பத்துப் பேர் அமர்ந்து வாத்தியங்களை வாசிப்பார்கள். பாடுகிறவர்களுக்கு ஒலிபெருக்கி கிடையாது. அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக் கடைசி வரிசையில் இருப்பவர் காதுவரை குரல் போய்ச் சேர வேண்டும். ஆகவே ஓப்பராப் பாடகர் தம் குரலைப் பல ஆண்டுகள் பழக்குவார். முதன்முறை கேட்கிறவர்களுக்கு அது கத்துவது போலத் தோன்றலாம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர் ஒருவர் இசைத்தட்டில் போட்டுக் காட்டியபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பின்பு அவர் கதையைச் சொன்னார். கதை தெரிந்தபின் அதே பாட்டு வேறு பாட்டாகிவிட்டது.

வெர்டி பெரிய இடத்துப் பிள்ளை அல்லர். வட இத்தாலியில் புசெத்தோ என்னும் சிற்றூருக்கு அருகே உள்ள லெ ரோன்கோலே என்ற கிராமத்தில் 1813ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தார். தந்தை வழிப்போக்கர்களுக்குச் சோறும் மதுவும் விற்கும் சிறு விடுதி வைத்திருந்தார். பையனுக்கு இசையில் இருந்த நாட்டத்தைக் கண்ட அவர் ஒரு பழைய வாத்தியப் பெட்டியை வாங்கிக் கொடுத்தார். பியானோவுக்கு முன்னோடியான சிறிய கருவி அது. பழுதுபட்டிருந்த அதைச் சரிசெய்ய வந்த தொழிலாளி, சிறுவனின் ஆர்வத்தைப் பார்த்துக் கூலி வேண்டாம் என்று சொன்னதோடு, அதைப் பெட்டிக்குள்ளேயே எழுதியும் வைத்துவிட்டுப் போனார். வெர்டி அந்தப் பெட்டியைச் சாகும்வரை தம்மோடு வைத்திருந்தார்.

பதினெட்டு வயதில் அவர் மிலான் நகரத்து இசைக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். 1832ஆம் ஆண்டு அது. வயது கூடிவிட்டது, வேறு நாட்டுக் குடிமகன், கைவிரல் வைக்கும் முறை சரியில்லை என்றெல்லாம் காரணம் காட்டி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று இத்தாலி ஒரே நாடாக இல்லை. பல சிறு அரசுகளாகத் துண்டுபட்டுக் கிடந்தது. ஆதலால் சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஊர்க்காரனும் அயல்நாட்டான் ஆனான். இன்று அதே கல்லூரிக்கு வெர்டியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள். மகள் 1838ஆம் ஆண்டிலும், மகன் 1839ஆம் ஆண்டிலும், மனைவி மார்கரீத்தா 1840ஆம் ஆண்டிலும் அடுத்தடுத்து இறந்தார்கள். இருபத்தாறு வயதில் அவர் தனி மரமானார். மகளைப் பறிகொடுக்கும் தகப்பனின் அழுகையை அவர் பாட்டில் கேட்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் போவதில்லை.

இனி, கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மூலக்கதை பிரெஞ்சுக்காரர் விக்தர் ஹ்யூகோ எழுதிய ஒரு நாடகம். ஹ்யூகோவைத் தமிழர்கள் அறிவார்கள். 1950ஆம் ஆண்டில் நாகையா நடித்து வெளிவந்த 'ஏழை படும் பாடு' அவருடைய நாவலைத் தழுவிய படந்தான். அந்த ஹ்யூகோ, பிரான்சை ஆண்ட முதலாம் பிரான்சுவா என்னும் மன்னனைப் பெண்பித்தனாகக் காட்டி ஒரு நாடகம் எழுதினார். அதில் மன்னனின் அரசவைக் கோமாளியாக ஒரு கூனன் வருகிறான். 1832ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் பாரிசு நகரில் நாடகம் அரங்கேறியது. மறுநாளே அரசாங்கம் அதைத் தடைசெய்துவிட்டது. ஹ்யூகோ வழக்காடிப் பார்த்தார், தோற்றார். அந்நாடகத்தின் இரண்டாம் காட்சி நடைபெற்றது எப்போது தெரியுமா? சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1882ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள்.

ஆக, தடைசெய்யப்பட்ட நாடகம் என்று தெரிந்தேதான் வெர்டி அதைக் கையில் எடுத்தார். 1850ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்து லா ஃபெனிச்சே அரங்கம் அவரிடம் புதிய இசை நாடகம் ஒன்று கேட்டது. அவர் கண் அந்தக் கூனன்மீது விழுந்தது. ஷேக்ஸ்பியர் படைத்திருக்க வேண்டிய பாத்திரம் என்று தம் கவிஞருக்கு எழுதினார். கவிஞர் பெயர் பியாவே. அவர் பாட்டெழுத, இவர் இசையமைக்க வேலை தொடங்கியது. முதலில் அவர்கள் வைத்த பெயர் 'சாபம்' என்பதாகும்.

அப்போது வெனிஸ் நகரம் ஆஸ்திரியர்களின் ஆட்சியில் இருந்தது. 1848ஆம் ஆண்டில் மக்கள் கிளர்ந்தெழுந்து அவர்களைத் துரத்தினார்கள். ஆனால் முற்றுகையும் பசியும் வாந்திபேதியும் சேர்ந்து நகரை வாட்ட, 1849ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெனிஸ் பணிந்தது. அத்தகைய ஊரில், மறு ஆண்டே, பட்டத்து மன்னன் ஒருவன் குடிமக்களின் பெண்களைக் கெடுப்பதாகவும், அவனைக் கொல்ல ஒரு வேலைக்காரன் ஆள் அமர்த்துவதாகவும் கதை கொண்டுவந்தால் அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? 1850ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தடை உத்தரவு வந்தது. இவ்வளவு அருவருப்பான கதையைத் தேர்ந்தெடுத்தார்களே என்று ஆளுநர் வருத்தம் வேறு தெரிவித்திருந்தார்.

பியாவே அஞ்சிவிட்டார். அதிகாரிகளுக்கு ஏற்றாற்போலக் கதையை மாற்றி எழுதிக் கொடுத்தார். மன்னனின் ஒழுக்கக் கேட்டை மழுக்கினார். கோமாளியின் கூனை எடுத்துவிட்டார். கடைசிக் காட்சியில் வரும் சாக்கையும் எடுத்துவிட்டார். காவல் துறை ஒப்புக்கொண்டது. வெர்டி ஒப்புக்கொள்ளவில்லை.

அரங்கத்தின் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரத்தைச் சொல்கிறேன். சாக்கு இருந்தால் காவல் துறைக்கு என்ன நட்டம் என்று கேட்டார். கூனன் பாடுவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள், ஏன் பாடக்கூடாது என்று கேட்டார். வெளியே பார்த்தால் நகைப்புக்குரிய கோணல் உடம்பு, உள்ளே பார்த்தால் அன்பும் ஆவேசமும் நிறைந்த நெஞ்சு, இதற்காகவே நான் இந்தக் கதையை எடுத்தேன், இதை நீக்கினால் என் இசைக்கு இங்கே வேலையில்லை என்று முடித்துவிட்டார். நேயர்களே, அக்காலத்து ஓப்பரா மேடையில் அழகர்களும் வீரர்களும்தான் கதாநாயகர்கள். முதுகு வளைந்த ஒருவனுக்கு நாடகத்தின் மிக உயர்ந்த இசையைக் கொடுப்பது என்பது அன்று துணிச்சலான செயல்.

கடைசியில் டிசம்பர் 30ஆம் நாள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அரங்கத்தின் செயலாளரே வெர்டியின் ஊருக்கு வந்து பேசி முடித்தார். பிரெஞ்சு மன்னன் போய், இத்தாலியில் மாந்துவா என்னும் குறுநிலத்தை ஆண்ட ஒரு கோமகன் வந்தான். அந்தப் பழைய வமிசம் அப்போது ஆட்சியில் இல்லை, ஆகையால் கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. கோமாளியின் பெயர் ரிகொலெட்டோ ஆயிற்று. பிரெஞ்சு மொழியில் சிரிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பெயர்கள் மாறின, ஊர் மாறியது. கூனும் சாக்கும் சாபமும் அப்படியே இருந்தன. வெர்டி எதை விட்டுக்கொடுத்தார், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது கதைக்கு வருவோம்.

கோமகனின் மாளிகையில் விருந்து நடக்கிறது. கோமகனுக்கு மணமான பெண், மணமாகாத பெண் என்ற பேதமில்லை. ஒரு பிரபுவின் மனைவியை அவன் எல்லாருக்கும் முன்பாக அழைத்துச் செல்கிறான். கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். ரிகொலெட்டோ அந்தக் கணவனைக் கேலி செய்து கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறான். அப்போது மொந்தரோனே என்னும் முதியவர் உள்ளே நுழைகிறார். அவருடைய மகளைக் கோமகன் கெடுத்துவிட்டான். நியாயம் கேட்க வந்திருக்கிறார். ரிகொலெட்டோ என்ன செய்கிறான்? கோமகனைப் போலவே நடையும் குரலும் காட்டி, அந்த முதியவரைப் பரிகசிக்கிறான். அவை குலுங்கிச் சிரிக்கிறது. காவலர் பிடித்திழுத்துச் செல்லும்போது முதியவர் கோமகனைச் சபிக்கிறார். பிறகு கோமாளியின் பக்கம் திரும்பி, ஒரு தகப்பனின் துயரத்தைப் பார்த்துச் சிரித்த உன்னையும் சபிக்கிறேன் என்கிறார். சிரித்துக்கொண்டிருந்தவன் நடுங்கிப்போகிறான்.

நான் சிறுவனாக இருந்தபோது கண்ட ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. விடியற்காலைப் பெரட்டில் ஒரு பெரியவர் தம் மகளுக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்லி முறையிட வந்தார். துரைக்கு வேண்டிய ஒருவன் அவர் பேசியதைப் போலவே திக்கித் திக்கிப் பேசிக் காட்டினான். துரை சிரித்தார். கிராணி சிரித்தார். வரிசையில் நின்ற நம்மவர்களும் சிரித்தார்கள். அப்பா பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன். அந்தப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லயத்தை நோக்கி நடந்து போனார். கல்லூரியில் விரிவுரையாளர் மொந்தரோனேயின் கட்டத்தைச் சொன்னபோது எனக்கு இத்தாலி தெரியவில்லை. அவருடைய முதுகுதான் தெரிந்தது.

அன்றிரவு ரிகொலெட்டோ வீடு திரும்புகிறான். இருட்டுச் சந்தில் ஒருவன் வழிமறிக்கிறான். கூலிக்குக் கொலை செய்பவன். பெயர் ஸ்பாராஃபூச்சிலே. பாதிப் பணம் முன்னால், பாதிப் பணம் வேலை முடிந்தபின் என்று தன் தொழில் முறையை மரியாதையாக விளக்குகிறான். இப்போது வேண்டாம் என்று அனுப்பிவிட்டு ரிகொலெட்டோ தனக்குத்தானே பாடுகிறான். அவனும் நானும் ஒரே தொழில்தான், அவன் கத்தியால் குத்துகிறான், நான் நாக்கால் குத்துகிறேன் என்பது அப்பாட்டின் கருத்து. அழுவதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு, எனக்கு அதுகூட இல்லை, எசமான் சிரிக்க வை என்றால் சிரிக்க வைக்க வேண்டும் என்று குமுறுகிறான். இந்த இடத்தில் வெர்டி வழக்கமான இராகப் பாட்டு எதையும் வைக்கவில்லை. பேச்சும் பாட்டுமாக, நினைவு தாவும்போதெல்லாம் இசையும் தாவுகிறது. நடு நடுவே அந்தச் சாபம் அவனுக்கு நினைவு வருகிறது. நாடகம் தொடங்கும் முன்பே, திரை தூக்குவதற்கு முன், பித்தளைக் கொம்புகள் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதும். அதுதான் சாபத்தின் ஓசை. சாபத்தை நினைக்கும் போதெல்லாம் அவன் குரலும் அந்த ஒரே சுரத்தில் போய் நின்றுவிடும்.

கதவைத் திறந்து வீட்டுக்குள் போனதும் அவன் வேறு மனிதனாகிறான். உள்ளே அவன் மகள் ஜில்டா. தாயில்லாப் பெண். கோயிலுக்குப் போவதைத் தவிர அவளை அவன் வெளியே விடுவதில்லை. தான் என்ன வேலை செய்கிறான் என்பதை அவளிடம் சொன்னதில்லை. தன் பெயரைக்கூடச் சொன்னதில்லை. அப்பா, உங்கள் பெயராவது சொல்லுங்கள் என்று அவள் கேட்கிறாள். அப்பா என்றே கூப்பிடு என்கிறான். மாளிகையில் ஊரான் பெண்களுக்கு நடப்பதைத் தினமும் பார்த்துச் சிரிக்கிறவன் அவன். தன் பெண்ணை எப்படி வெளியே விடுவான்?

ஆனால் பூட்டு அவளைக் காக்கவில்லை. கோயிலில் அவளைப் பார்த்த கோமகன், ஏழை மாணவனைப் போல வேடமிட்டு, வேலைக்காரிக்குக் காசு கொடுத்து உள்ளே வந்துவிடுகிறான். பொய்ப்பெயர் ஒன்றையும் சொல்கிறான். அவன் போனபின் ஜில்டா அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடும் பாட்டு, பெண்குரலுக்கு எழுதப்பட்ட மிக அழகான பாட்டுகளில் ஒன்று. குழலிசையோடு குரல் மெல்ல மெல்ல மேலே ஏறிப் பறவை போல நின்றுவிடும். அவள் அத்தனை அன்போடு உச்சரிக்கும் பெயர் பொய்ப்பெயர் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பெற்றவன் தன் உண்மைப் பெயரை மறைத்தான், வந்தவன் பொய்ப்பெயரைக் கொடுத்தான். ஜில்டா ஏமாந்ததற்கு அவளைக் குறை சொல்லும் விமரிசகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகம் எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை சொல்லித் தராமல் நான்கு சுவருக்குள் வளர்த்த தகப்பனிடந்தான் குறை காண வேண்டும்.

மாளிகை ஆட்கள் ஜில்டாவை ரிகொலெட்டோவின் காதலி என்று எண்ணிக்கொள்கிறார்கள். தங்களைக் கேலி செய்தவனைப் பழிவாங்க அவளைத் தூக்கிச் செல்லத் திட்டமிடுகிறார்கள். வழியில் எதிர்ப்பட்ட ரிகொலெட்டோவிடம், வேறொரு பிரபுவின் மனைவியைத் தூக்கப் போகிறோம், வா என்கிறார்கள். அவனும் மகிழ்ச்சியோடு உடன்படுகிறான். முகமூடி கட்டுவதுபோல் கண்ணைக் கட்டிவிட்டு ஏணியை அவன் கையில் கொடுக்கிறார்கள். தன் மகளைக் கடத்த அவனே ஏணி பிடித்துக்கொண்டு நிற்கிறான். கட்டை அவிழ்த்துப் பார்க்கும்போது வீடு காலி.

மறுநாள் மாளிகையில் நடக்கும் காட்சிதான் இந்நாடகத்தின் உயிர் என்பேன். மகள் உள்ளேதான் இருக்கிறாள் என்று அவனுக்குச் சந்தேகம். ஆனால் காட்டிக்கொள்ள முடியாது. ஒன்றும் நடவாதவன் போல வாயில் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வருகிறான். கண் மட்டும் மூலை முடுக்கெல்லாம் தேடுகிறது. கீழே கிடந்த ஒரு கைக்குட்டையை எடுத்துப் பார்க்கிறான். அவளுடையது அன்று. மீண்டும் முணுமுணுப்பு. அந்த மெட்டில் சொற்களே இல்லை. ஆயினும் அதைவிடக் கனமான அழுகையை நான் கேட்டதில்லை. பின்பு உண்மை தெரிந்ததும், என் மகளைக் கொடுங்கள் என்று வெடிக்கிறான். கதவை நோக்கிப் பாய்கிறான். அத்தனை பேரும் தடுக்கிறார்கள். கத்திக் களைத்து, கடைசியில் அவர்கள் காலடியில் கெஞ்சுகிறான். நேற்றுவரை அவன் சொல்லுக்குச் சிரித்தவர்கள் இன்று கல்லாய் நிற்கிறார்கள். ஆவேசம், தளர்ச்சி, கெஞ்சல் என்று ஒரே பாட்டு மூன்று நிலையாக இறங்கி வருவதை மொழி தெரியாதவரும் உணரலாம்.

ரிகொலெட்டோ பழிவாங்கத் துடிக்கிறான். கொலைக் கூலிக்காரனைத் தேடிப்போய்ப் பாதிப் பணம் கொடுக்கிறான். ஆற்றங்கரையில் அந்தக் கொலைகாரனின் விடுதி. அவனுடைய தங்கை மதலேனா கோமகனை அங்கே மயக்கி வரவழைத்திருக்கிறாள். அங்கே வந்து அமர்ந்த கோமகன், பெண் மனம் காற்றில் பறக்கும் இறகு போன்றது என்ற கருத்தில் ஒரு துள்ளல் பாட்டைப் பாடுகிறான். உலகமெல்லாம் தெரிந்த மெட்டு அது. இந்தப் பாட்டு அரங்கேற்றத்துக்கு முன்பே தெருவில் பரவிவிடும் என்று அஞ்சி, வெர்டி அதைப் பாடகரிடம் கடைசி நேரத்தில்தான் கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. பாடுகிறவனைப் பாருங்கள். ஊர்ப் பெண்களை ஏமாற்றித் திரிகிறவன், பெண்கள் நம்பத் தகாதவர்கள் என்கிறான்! வெர்டியின் குறும்பு இது.

அடுத்து நால்வர் பாடும் பாட்டு. உள்ளே கோமகன் மதலேனாவிடம் கொஞ்சிப் பேசுகிறான், அவள் நகைக்கிறாள். வெளியே சுவர் வெடிப்பு வழியாக அதைப் பார்த்து ஜில்டா விம்முகிறாள், பக்கத்தில் தகப்பன் பழிவாங்குவேன் என்று உறுமுகிறான். நான்கு பேர், நான்கு மனநிலை, ஒரே நேரத்தில். பேச்சு நாடகத்தில் நால்வர் ஒன்றாகப் பேசினால் சந்தை இரைச்சல்தான் மிஞ்சும். இசையில் நான்கும் ஒன்றை ஒன்று மறைக்காமல் கேட்கிறது. தம் நாடகத்தை எடுத்துக்கொண்டதற்காக வெர்டிமீது வருத்தத்தில் இருந்தவர் ஹ்யூகோ. 1857ஆம் ஆண்டில் பாரிசில் இது நடைபெறுவதைத் தடுக்க வழக்கும் போட்டார். அவரே இந்த நால்வர் பாட்டைக் கேட்டபின், என் நாடகத்திலும் நால்வரை ஒரே நேரத்தில் பேச வைக்க முடிந்திருந்தால் என்று ஏங்கியதாகச் சொல்வார்கள்.

மகளை ஆண் உடையில் வேறு ஊருக்குப் போகச் சொல்லிவிட்டுத் தகப்பன் போகிறான். புயல் எழுகிறது. அந்தக் காற்றின் ஊளைக்கு வெர்டி என்ன செய்தார் தெரியுமா? மேடைக்குப் பின்னால் ஆண்களை நிறுத்தி, வாயை மூடிக்கொண்டு முனக வைத்தார். மதலேனாவுக்குக் கோமகன்மீது இரக்கம் பிறந்துவிடுகிறது. அவனை விட்டுவிடு, கூனனைக் கொன்று பணத்தை எடுத்துக்கொள் என்கிறாள். கொலைகாரனுக்குக் கோபம் வருகிறது. நான் என்ன திருடனா, பணம் கொடுத்தவனுக்குத் துரோகம் செய்வேனா என்கிறான். மாளிகைப் பிரபுக்களைவிட இவனுக்கு நாணயம் இருக்கிறது பாருங்கள்! கடைசியில், நள்ளிரவுக்குள் வேறு யாராவது கதவைத் தட்டினால் அவனைக் கொன்று சாக்கில் போடுவது என்று முடிவாகிறது. திரும்பி வந்து கதவோரம் நின்ற ஜில்டா இதைக் கேட்கிறாள். தன்னைக் கெடுத்தவனுக்காகத் தான் சாவதென்று கதவைத் தட்டுகிறாள்.

அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

நள்ளிரவில் ரிகொலெட்டோ மீதிப் பணத்தைக் கொடுத்துச் சாக்கை வாங்குகிறான். ஆற்றில் தள்ளப் போகும் நேரம். வாழ்நாளில் முதன்முறையாக எசமானை வென்றுவிட்டோம் என்று நிமிர்ந்து நிற்கிறான். அப்போது தூரத்தில் ஒரு பாட்டுக் கேட்கிறது. அதே துள்ளல் பாட்டு, அதே குரல். கோமகன் தூங்கி எழுந்து பாடிக்கொண்டே போகிறான். அப்படியானால் சாக்கில் இருப்பது யார்? நடுங்கும் கையால் அவிழ்க்கிறான். மின்னல் வெட்டுகிறது. மகளின் முகம் தெரிகிறது. அவள் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உயிர் விடுகிறாள். வெர்டி அந்தச் சாக்குக்காக ஏன் அத்தனை சண்டை போட்டார் என்பது இப்போது விளங்கும். பணம் கொடுத்து வாங்கிய மூட்டையைத் தானே அவிழ்க்க வேண்டும். அதற்கு ஒரு முடிச்சு வேண்டும், இருட்டு வேண்டும், தூரத்துப் பாட்டு வேண்டும்.

கோமகனுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். தீயவன் தண்டனை பெறவில்லையே என்று அன்றும் பலர் குறைபட்டார்கள். நம் திரைப்படங்களில் இப்படி விடமாட்டார்கள். வெர்டி விட்டார். உலகில் பல நேரங்களில் நடப்பது அதுதான் என்பதால் விட்டார் என்று நினைக்கிறேன்.

1851ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் லா ஃபெனிச்சேயில் அரங்கேற்றம் நடந்தது. கோமாளியாகப் பாடியவர் ஃபெலிச்சே வரேசி. பழுத்த பாடகராயினும் ஒட்டவைத்த கூனோடு மேடையேற அவருக்குக் கூச்சம். உள்ளே போகவேண்டிய நேரத்தில் கால் வரவில்லை. வெர்டி பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினாராம். அவர் தடுமாறிக்கொண்டு போய் மேடையில் நின்றார். வேண்டுமென்றே செய்த கோமாளித்தனம் என்று எண்ணிச் சபை சிரித்தது. வரேசியின் மகள் பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. நாடகம் பெருவெற்றி பெற்றது. ஆயினும் இத்தாலியின் வேறு சில அரசுகளில் தணிக்கையாளர்கள் விடவில்லை. ரோம் நகரில் பெயரையே மாற்றி, 'விஸ்கர்தெல்லோ' என்று நடத்த வேண்டியிருந்தது.

லா ஃபெனிச்சே என்றால் பீனிக்ஸ் பறவை என்று பொருள். அப்பெயருக்கேற்ப அந்த அரங்கம் 1836ஆம் ஆண்டிலும் 1996ஆம் ஆண்டிலும் தீக்கிரையாகி மீண்டும் எழும்பியிருக்கிறது. 'ரிகொலெட்டோ'வும் பல வேடம் எடுத்திருக்கிறது. 1982ஆம் ஆண்டில் இலண்டனில் ஜோனதன் மில்லர் என்னும் இயக்குநர் கதையை நியூயார்க் நகரத்துக் குண்டர் கூட்டத்துக்கு மாற்றினார். கோமகன் அங்கே ரவுடித் தலைவன். கோமாளி, அவனுக்கு மது ஊற்றிக்கொடுப்பவன். அந்தத் துள்ளல் பாட்டு, காசு போட்டால் பாடும் இசைத்தட்டுப் பெட்டியிலிருந்து தொடங்கும். அரண்மனை போயிற்று, கோமகன் பட்டம் போயிற்று, கதை ஒரு சுருதிகூடக் குறையவில்லை. எங்கே ஒருவன் கையில் அதிகாரம் இருந்து, இன்னொருவன் அவனைச் சிரிக்க வைத்துப் பிழைக்க வேண்டியிருக்கிறதோ, அங்கே இந்நாடகத்தைப் போடலாம் போலிருக்கிறது.

வெர்டி 1901ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் மிலானில் மறைந்தார். அதற்கு முன்பே தம் சொந்தப் பணத்தில் அந்நகரில் ஒரு பெரிய வீடு கட்டி முடித்திருந்தார். பாடிப் பிழைத்து, வாத்தியம் வாசித்துப் பிழைத்து, முதுமையில் ஆதரவில்லாமல் போன இசைக் கலைஞர்கள் தங்குவதற்கான வீடு. தம் படைப்புகளிலேயே சிறந்தது இதுதான் என்று சொல்வாராம். நாடகங்களிலிருந்து வரும் உரிமைத் தொகையையும் அதற்கே எழுதி வைத்தார். யாரும் தமக்கு நன்றி சொல்ல வரக்கூடாது என்பதற்காகத் தாம் இறந்த பிறகே திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். 1902ஆம் ஆண்டில் முதல் முதியவர்கள் குடிவந்தார்கள். அந்த வீட்டின் உள்ளேதான் வெர்டியும் அவருடைய இரண்டாம் மனைவி ஜுசெப்பீனாவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இன்றும் அங்கே வயதான பாடகர்கள் வாழ்கிறார்கள்.